ஈ காக்கா வராத பேட்டை

முப்பிடாதிக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு வைராக்கியம்தான். மகள் வேலுத்தாய் தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸில் ஏறக் கூடாது. மற்றதெல்லாம் எப்படிப் போனாலும் சரி, அந்தப் படியில் அவள் கால் படக் கூடாது.

எண்பதுகள் தொடங்கிய அந்தக் காலத்தில் கோவில்பட்டியில் கோழி கூவி யாரும் விழித்ததில்லை. கோழிக்கு முன்னாலேயே, ஊரார் ஆபீஸ் என்று சொல்கிற தீப்பெட்டித் தொழிற்சாலையின் பஸ் வந்து தெருமுனையில் ஹாரன் அடித்துவிடும். பிள்ளைகள் பாதித் தூக்கத்தில் தூக்குச்சட்டியோடு ஏறும். பொழுது அடைந்த பிறகு அதே பஸ் அதுகளைக் கொண்டுவந்து அதே முனையில் இறக்கிவிடும். பகல் வெளிச்சத்தில் தன் தெருவைப் பார்க்க அதுகளுக்கு ஞாயிற்றுக்கிழமை வர வேண்டும். முப்பிடாதியும் சின்ன வயசில் அப்படி ஏறியவள்தான். தீக்குச்சிக்கு மருந்து முக்குகிற இடத்தில் ஒருநாள் தீப்பற்றியதில் இடது கையில் இரண்டு விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அந்தக் கையை அவள் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டே பேசுவாள்.

புருஷன் சோலைச்சாமி ஜின்னிங் பாக்டரியில் பஞ்சுத் தூசியை நெஞ்சு நிறைய வாங்கிக்கொண்டு இளம் வயசிலேயே போய்ச் சேர்ந்தான். அதன் பிறகு அவளுக்கு வீட்டில் உட்கார்ந்து பெட்டி ஒட்டுவதுதான் பிழைப்பு. ஆபீசில் மரச்சீவலும் நீலத்தாளும் கொடுப்பார்கள். பசை காய்ச்சி, மடித்து, ஒட்டி, காய வைத்து, மூட்டை கட்டிக் கொடுக்க வேண்டும். வேலுத்தாய் எட்டாவது படித்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து கொஞ்சம் ஒட்டிக் கொடுப்பாள். அந்தப் பிள்ளைக்குக் கை அப்படி ஓடும். கை ஓடுவதைப் பார்க்கும்போதெல்லாம் பெற்றவள் வாசலை ஒருதரம் எட்டிப் பார்த்துக்கொள்வாள். ஏனென்றால் பஸ்ஸுக்கு ஆள் பிடிக்கிற ஏஜெண்டு பரமசிவன் மாதத்துக்கு ஒரு தடவை வாசலில் வந்து நிற்பான்.

"என்னக்கா, பிள்ளையை எப்ப அனுப்புதீங்க?"

"எம்மவ படிக்கா. வேற வீட்டைப் பாருங்க."

அவனும் கோபித்துக்கொள்ளாமல் சிரித்துவிட்டுப் போவான். அவன் காத்திருக்கத் தெரிந்தவன்.

பெட்டி ஒட்டுவது ஒரு பெரிய காரியமில்லை. காய வைப்பதுதான் காரியம். முப்பிடாதி வீடு ஒரு பொந்து. ஈரப் பெட்டியை உள்ளே அடுக்கினால் மறுநாளே கோணிக்கொண்டு பூசணம் பூத்துவிடும், ஆபீசில் தூக்கி எறிந்துவிடுவார்கள். வெயில் பட வேண்டும், காற்றும் பட வேண்டும். அந்த இரண்டையும் கொடுத்தது தெருவுக்கு முன்னால் கிடந்த வண்டிப்பேட்டை.

ஒரு காலத்தில் புதூர்ப் பக்கத்திலிருந்து பருத்தி ஏற்றிவரும் மாட்டுவண்டிகள் அவிழ்த்துப் போட்டு இளைப்பாறிய இடம் அது. பருத்திக்கடை காசிராஜனின் பாட்டனார் தர்மத்துக்கு விட்டது. லாரி வந்தது, வண்டி நின்றது. மாடு தண்ணீர் குடித்த கல்தொட்டியில் ஓணான் குடியிருந்தது. மிச்சமிருந்த ஒற்றை வேம்பும் வெட்டவெளியும் சுற்றியிருந்த தெருக்காரர்களுக்கு முற்றம் ஆயிற்று. காலையில் சாக்கை விரித்துப் பெட்டி கொட்டுவார்கள். இன்னொரு பக்கம் வத்தல் காயும், கம்பு காயும். வெயில் ஏறினால் ஆடுகள் வேம்படிக்கு வரும், ஆடுகளுக்குப் பின்னால் வேலையில்லாத ஆம்பிளைகளும் வருவார்கள். சாயங்காலம் பயல்கள் கபடி விளையாடுவார்கள். தெருவில் சாவு விழுந்தால் பந்தலும் அங்கேதான், கல்யாணம் என்றால் பந்தியும் அங்கேதான். வீடுகளுக்குள் அடங்காத வாழ்க்கையெல்லாம் அங்கே கிடந்தது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இந்த இடத்தில்தான் காசிராஜனுக்குக் கல்யாண மண்டபம் கட்ட ஆசை வந்தது. அவர் கெட்ட மனுஷர் இல்லை, பயந்த மனுஷர். பாட்டனார் கண்ணை மூடும்போது, "ஜனங்க புழங்குத வரைக்கும் அதுல ஒரு செங்கல் வைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்த வாக்கை மீறினால் குடும்பத்துக்கு ஆகாது என்று காசிராஜன் நம்பினார். ஜனங்கள் புழங்குகிறார்களா இல்லையா? அவர் போவதோ காரில், அதுவும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு. அவருக்கு எப்படித் தெரியும்? படித்தவன் ஒருவன் பார்த்துச் சொல்லட்டும், அவன் சொல்வதைப் பாட்டனார் சொன்னதாக எடுத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தார்.

அந்த வாக்கு விஷயம் குடும்பத்துக்குள்ளேயே இருந்தது. தெருப் பெண்டுகளுக்கு அது தெரியாது. யாரோ கண்டும் காணாமல் விட்டுவைத்திருக்கிற இடத்தில் பயந்து பயந்து பிழைக்கிறோம் என்றுதான் அவர்கள் நினைத்திருந்தார்கள்.

சேதியைக் கொண்டுவந்தவர் காசிராஜன் கடைக் கணக்கப்பிள்ளை குருசாமி. தண்ணீர்க் குழாயடியில் நின்று சொன்னார்.

"மெட்ராசுல கட்டடப் படிப்பு படிச்சவராம். ஊரூரா போயி வெட்டவெளி, சந்தை, தெருமுக்கு எல்லாத்தையும் ஆராய்ச்சி பண்ணுதாராம். பூவனநாதன்னு பேரு. நம்ம கயத்தாத்துப் பிள்ளதான். புதங்கிழமை விடிஞ்சதுல இருந்து பொழுது அடையுத வரைக்கும் பேட்டையில இருந்து பாப்பாரு. அவரு என்ன எழுதிக் கொடுக்காரோ அதுதான் மொதலாளிக்கு வேதவாக்கு. நல்லவிதமா எழுதுனா மண்டபம் வராம பேட்டை தப்பிக்கும்."

என்னத்தைப் பார்ப்பார் என்பதைக் குருசாமி சொல்லவில்லை. அவருக்கே தெரியாததை எப்படிச் சொல்வார்? ஆனால் போகிற போக்கில் ஒன்றைச் சொன்னார்.

"ஆட்டுப் புழுக்கையும் பசை நாத்தமுமா இடத்தைக் கெடுத்து வச்சிருக்கீங்கன்னு ஏற்கெனவே ஒரு பேச்சு இருக்கு. பாத்துக்கிடுங்க."

முப்பிடாதிக்கு அது போதும். அவள் அந்தத் தெருவில் கொஞ்சம் வாய் உள்ளவள், யோசனை உள்ளவள் என்று பேரெடுத்தவள். எல்லாரையும் கூட்டினாள்.

"போன வருசம் மந்திரி பாஞ்சாலங்குறிச்சிக்குப் போகும்போது ரோட்டோரக் கடையை எல்லாம் தூக்கிட்டு, தண்ணி தெளிச்சு, பளிச்சுன்னு வைக்கலையா? பெரிய ஆளு பாக்க வந்தா இடம் அப்பிடித்தான் இருக்கணும். அன்னைக்கு ஒரு நாள் ஒருத்தரும் பெட்டி காயப் போடாதீங்க. ஆடு வரக் கூடாது. பயலுவ வரக் கூடாது. நம்ம எப்பிடி இடத்தை வச்சிருக்கோம்னு அவரு பாக்கட்டும்."

"ஒரு நாள் பெட்டி போச்சுன்னா வயித்துக்கு?" என்றாள் அடுத்த வீட்டுப் பாண்டியம்மாள்.

"ஒரு நாள் பட்டினி கெடந்தா செத்தா போயிருவோம்? பேட்டை போனா வருசம் பூராவும் பட்டினிதான் மதினி."

நியாயமான பேச்சுத்தானே? அங்கே இருந்தால் நானும் நீங்களும் தலையாட்டியிருப்போம். அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்குச் சுத்தம் செய்வதுபோலச் செய்தார்கள். புழுக்கை பொறுக்கினார்கள், கூட்டினார்கள். குடிக்கத் தண்ணீரில்லாத ஊரில், குழாயடியில் சண்டை போட்டுப் பிடித்த குடங்களைக் கொண்டுவந்து புழுதி அடங்கத் தெளித்தார்கள். கல்தொட்டிக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். பேட்டை வாசலில் முப்பிடாதி பெரிதாக ஒரு கோலம் போட்டாள். ஒட்டிய விரலோடு கோலம் போடுவது சுலபமில்லை, ஆனாலும் அது அழகாகத்தான் விழுந்தது.

புதன்கிழமை பூவனநாதன் வந்தான். ஒல்லியான பிள்ளை, மூக்குக்கண்ணாடி, தோளில் காமிரா, கையில் ஒரு பலகையும் பெரிய தாளும். பாண்டியம்மாள் ஓடிப்போய் ஒரு சாமந்தி மாலையைப் போட்டுவிட்டாள். அவனுக்கு வெட்கமாகப் போயிற்று. மாலையைக் கழற்றி வேப்பங்கிளையில் தொங்கவிட்டு நிழலில் உட்கார்ந்தான். தெருப் பெண்டுகள் அவரவர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இடுக்கு வழியாகப் பார்த்தார்கள்.

பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய வேலுத்தாய் மட்டும் கிட்டே போய் நின்றாள். அவன் தாளில் பேட்டையின் படம் வரைந்திருந்தான். வேம்பு, தொட்டி, சுற்றியிருக்கிற தெரு, எல்லாம் இருந்தன.

"இது எதுக்கு சார்?"

"ஒரு ஆளு இதுக்குள்ள வந்து நின்னா, எங்க நிக்காவளோ அங்கன ஒரு புள்ளி வைப்பேன். உக்காந்தா ஒரு புள்ளி. நடந்தா ஒரு கோடு. என்னைப் பாக்க வாரவிய கணக்குல சேராது."

வேலுத்தாய்க்கு அது பிடித்துப்போயிற்று. பேட்டையின் நடுவைப் பார்த்து ஓடினாள். கதவு இடுக்கிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த முப்பிடாதி பதறிப்போய் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏட்டி, தெளிச்சு வச்ச மண்ணுல காலை வைக்காத. சுத்திப் போ."

"அம்மா, நான் நின்னா ஒரு புள்ளி வைப்பாராம்."

"புள்ளி வைக்காரோ கோலம் போடுதாரோ, அவரு சோலியை அவரு பாக்கட்டும். நீ போட்டி."

பிள்ளை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே பின்சந்து வழியாகப் போனாள்.

வெயில் ஏறியது. பூவனநாதன் காத்திருந்தான். வழக்கமாக வரும் ஆடுகளைப் பாண்டியம்மாள் மூலையிலேயே கல்லெறிந்து திருப்பினாள். வேம்படிக்கு வரக் கிளம்பிய இரண்டு ஆம்பிளைகளை அவர்கள் பெண்டாட்டிகளே கையைப் பிடித்து இழுத்துப் போனார்கள். அவன் முதுகுக்குப் பின்னால் இதெல்லாம் நடந்தது. உச்சிவேளையில் முப்பிடாதி செம்பை விளக்கித் தண்ணீர் கொண்டுபோனாள்.

தண்ணீரைக் குடித்துவிட்டு அவன் கேட்டான். "அக்கா, இங்கன ஆளு யாரும் வர மாட்டாவளா?"

முப்பிடாதிக்கு உச்சி குளிர்ந்தது. கேட்க வேண்டியதைத்தான் கேட்கிறார்!

"ஒரு ஈ காக்கா வராது சார்."

"இன்னைக்கு மட்டுமா, எப்பவுமேவா?"

"எப்பவும் இப்பிடித்தான் சார் இருக்கும். யாரையும் கால் வைக்க விட மாட்டோம்."

அவன் முகம் வாடியதை அவள் பார்த்தாள். வெயில் தாங்காத பிள்ளை என்று நினைத்துக்கொண்டாள். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். அவன் பொழுது அடைகிற வரைக்கும் உட்கார்ந்திருந்துவிட்டு, வெறும் பேட்டையை நாலு பக்கமும் படம் பிடித்துக்கொண்டு எழுந்து போனான். அன்றைக்குச் சாயங்காலம் தெருவே திருவிழா முடிந்ததுபோல மூச்சு விட்டது.

மறுநாள் காசிராஜன் கடைக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. முப்பிடாதி பெட்டியிலிருந்த நல்ல சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு போனாள். பாண்டியம்மாளும் இன்னும் சில பெண்டுகளும் கூடப் போனார்கள். பருத்தி மூட்டைகளுக்கு நடுவே மேஜையில் அந்தத் தாள் விரித்துக் கிடந்தது. வேம்பு இருந்தது, தொட்டி இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

பூவனநாதன் தலையைக் குனிந்துகொண்டே பேசினான்.

"மொதலாளி, ஊரு பெருகும்போது மொதல்ல தின்னுதது இந்த மாதிரி வெட்டவெளியைத்தான். அதைக் காப்பாத்தணும்னுதான் நான் இந்த ஆராய்ச்சிக்கே வந்தேன். இங்கயும் ஆளு புழங்குதுன்னு எழுதத்தான் ஆசைப்பட்டேன். ஆனா பாத்ததைத்தானே எழுத முடியும்? ஒரு ஆளு வரலை. தெருக்காரவியகிட்டயே கேட்டேன். எப்பவும் இப்பிடித்தான்னு சொல்லிட்டாவ."

முப்பிடாதி பெருமையாகத் தலையை ஆட்டினாள். ஆமாம், நான்தான் சொன்னேன் என்கிற மாதிரி.

காசிராஜன் கண்ணைமூடிக் கைகூப்பினார். "எங்க பாட்டனாரு ஜனங்க புழங்குத வரைக்கும் கட்டடம் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாவ. புழக்கம் இல்லைன்னு ஆயிப்போச்சு. இனிமே தோசமில்லை. தை பிறந்ததும் மண்டபத்துக்கு அஸ்திவாரம் தோண்டிரலாம்."

முதலில் அவளுக்கு விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற பாண்டியம்மாள் அவள் கையைப் பிடித்த பிடியில்தான் விளங்கியது. பேட்டை போயிற்று. போக்கியவள் வேறு யாருமில்லை. யானை தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டால் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொள்ளும். இவள் எங்கே போய்க் கழுவுவாள்?

"மொதலாளி!" என்று கத்திவிட்டாள். ஒளித்து வைக்கிற கை தலைப்பை விட்டு வெளியே வந்து ஆடியது. "நாங்க அங்கனதான மொதலாளி கெடக்கோம்! எங்க பொழப்பே அதுலதான். சார் வாராருன்னு நாங்கதான் எல்லாத்தையும் தூக்கி வச்சோம். ஆட்டை வெரட்டினோம், பிள்ளையளை வெரட்டினோம். மரியாதைக்குச் செஞ்சோம் மொதலாளி, சத்தியமா மரியாதைக்குத்தான் செஞ்சோம்!"

பூவனநாதன் நிமிர்ந்து பார்த்தான். அவன் கண்ணில் அந்தத் தெளித்த தண்ணீரும், மாலையும், கோலமும் ஒவ்வொன்றாக வந்திருக்க வேண்டும். முகம் வெளுத்துவிட்டது.

"எனக்குத் தெரிஞ்சிருக்கணும்," என்றான். "நானும் இந்தப் பக்கத்துக்காரன்தானே. ஒரு மாலையைப் போட்டதும் புத்தி மங்கிப்போச்சு. மொதலாளி, இன்னொரு தடவை பாக்கணும். நீங்களும் வாங்க. என்னைக்குன்னு சொல்லாமப் போவோம்."

காசிராஜனுக்கு மறுக்கப் பயமாக இருந்தது. பாட்டனார் வாக்காயிற்றே. சரி என்றார். வாசலில் வைத்துப் பூவனநாதன் முப்பிடாதியிடம் கெஞ்சினான்.

"அக்கா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். ஒண்ணுமே செய்யாதீங்க. எப்பவும் எப்பிடி இருப்பீங்களோ அப்பிடியே இருங்க. அது போதும்."

அது போதும் என்று அவனுக்குத் தெரிந்தது. அவளுக்கு எப்படித் தெரியும்? ஒரு தடவை சூடு பட்டவள். இத்தனை நாளாக இருந்ததெல்லாம் யார் கண்ணிலாவது பட்டதா என்ன? அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பேட்டையில் நின்று பார்த்தால் எவ்வளவு பெட்டி கொட்டினாலும் பாதிக்கு மேல் வெறுமையாகத்தான் தெரிந்தது. வெறும் மண்ணைப் பார்த்தாலே அவளுக்குப் பயமாக இருந்தது. ஒவ்வொரு வெற்றிடத்திலும் ஒரு செங்கல் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது.

இரக்கப்பட்டுக் கெடுக்கிறவர்கள் என்று உலகத்தில் ஒரு ஜாதி உண்டு. குருசாமி அதில் சேர்ந்தவர். ஒருநாள் சாயங்காலம் சைக்கிளை நிறுத்தி, "நாளைக்குக் காலையில வாராவ. நான் சொன்னேன்னு சொல்லிராத," என்று காதில் போட்டுவிட்டுப் போனார்.

முப்பிடாதி பறந்தாள். பாண்டியம்மாளை அனுப்பிப் பக்கத்துத் தெருவிலிருந்தெல்லாம் ஆள் கூட்டினாள். கடலைக்காரியைக் கூப்பிட்டாள். பஸ் ஸ்டாண்டு புளியமரத்தடியில் சவரப்பெட்டியோடு உட்கார்ந்து முகம் வழிக்கிற கண்ணுசாமியிடம் கையெடுத்துக் கும்பிட்டு, "அண்ணாச்சி, ஒரு நாளைக்குப் பெட்டியைத் தூக்கிட்டு நம்ம பேட்டைக்கு வாங்க" என்றாள். எவர் வீட்டுக் கொல்லையிலோ மட்கிக் கிடந்த ஒரு மாட்டுவண்டியை நாலு பேராக இழுத்து வந்து வேம்படியில் நிறுத்தினார்கள். மாட்டுக்கு எங்கே போவது? வண்டி மட்டும் நின்றது.

காலையில் வேலுத்தாய் புத்தகப் பையை எடுத்தாள். முப்பிடாதி அதைப் பிடுங்கி உள்ளே எறிந்தாள்.

"இன்னைக்குப் பள்ளிக்கூடம் வேண்டாம். பேட்டையில உக்காந்து பெட்டி ஒட்டு."

"இன்னைக்குக் கணக்குப் பரிச்சைம்மா."

"ஒன் படிப்புக்காகத்தாண்டி சொல்லுதேன், உக்காரு!"

தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே அப்போது உறைக்கவில்லை. பிள்ளை அழுதுகொண்டே சாக்கில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் கைக்கு அழுகை தெரியவில்லை. அது பாட்டுக்கு ஓடியது.

காசிராஜனும் பூவனநாதனும் வந்தபோது பேட்டையில் கால் வைக்க இடமில்லை. சந்தை தோற்றது போங்கள். பூவனநாதன் அந்தக் கூட்டத்தைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான். அவன் தாளை விரிக்கவே இல்லை. காசிராஜன் மட்டும் மெல்ல உள்ளே நடந்தார். வண்டியைச் சுற்றிவந்தார். நுகத்தடியில் கறையான் மண் உதிர்ந்தது. வேம்படியில் ஒருவன் முகத்தில் சோப்பு நுரையைப் பூசிக்கொண்டிருந்த கண்ணுசாமியின் முன்னால் போய் நின்றார்.

"ஏலே கண்ணுசாமி, ஒனக்கு பஸ் ஸ்டாண்டு புளியமரத்தடியில்லா? நான் ஒங்கிட்டதான வழிக்கேன். இங்கன எப்ப வந்தே?"

கண்ணுசாமி கத்தியை நுரையிலேயே வைத்துக்கொண்டு முழித்தான். முப்பிடாதியைப் பார்த்தான். அந்த ஒரு பார்வை போதும். காசிராஜன் திரும்பினார். கோபத்தைவிட அவர் முகத்தில் பயம்தான் அதிகம் இருந்தது.

"எங்க பாட்டனாரு வாக்குக்குப் பொய்ச்சாட்சி கொண்டாந்து நிறுத்தியிருக்கீங்க. அவிய மேலருந்து பாத்துக்கிட்டு இருக்காவ, தெரியுமா?"

முப்பிடாதி அவர் காலில் விழுந்தாள். "வண்டி பொய் மொதலாளி. அண்ணாச்சி பொய். கூட்டம் பொய். இந்தச் சாக்கு நெசம், இந்தப் பெட்டி நெசம். ஒரு கண்ணை மூடிக்கிட்டு இதை மட்டும் பாருங்க மொதலாளி!"

"எதை நெசம்னு நான் நம்புவேன்? அன்னைக்கு ஒண்ணுமில்லைன்னே. இன்னைக்கு எல்லாம் இருக்குங்கே."

பூவனநாதன் ஓடிவந்தான். "மொதலாளி, நான் முன்னால எழுதினது தப்பு. ஒரு மாசம் தங்கியிருந்து பாக்கேன்..."

"முன்னால எழுதினது தப்பா, இப்பச் சொல்லுதது தப்பா தம்பி? ஒங்களையும் இவிய அழ வச்சுக் கெடுத்துட்டாவ. போதும்." அவர் காரில் ஏறினார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

கூட்டம் தானாகக் கலைந்தது. கடலைக்காரி போனாள், கண்ணுசாமி பெட்டியைத் தூக்கிக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் போனான். கடைசியில் யார் யார் மிச்சம் என்று பார்த்தால், என்றைக்கும் அங்கே இருக்கிறவர்கள்தான். அவரவர் சாக்கு, அவரவர் பெட்டி, வேம்படியில் ஆடு. பூவனநாதன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அன்றைய ரயிலுக்கே போய்விட்டான். ஏதோ சொல்ல வாயெடுத்தவனை முப்பிடாதி கேட்கிற நிலையில் இல்லை.

ஏனென்றால் கூட்டத்தை வேடிக்கை பார்க்க வந்திருந்த ஏஜெண்டு பரமசிவன், வேலுத்தாய் உட்கார்ந்திருந்த சாக்குக்கு முன்னால் குத்தவைத்து அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆத்தாடி, என்ன ஓட்டம் ஓடுது கையி! தீக்குச்சியைக் கட்டையில அடுக்க இந்தக் கை இருந்தா ரெண்டு ஆளு வேலை பாக்கும்க்கா. படிக்கா படிக்கான்னு சொன்னீங்க? இன்னைக்குப் பள்ளிக்கூடம் உண்டுல்லா?"

வேற வீட்டைப் பாருங்க என்று முப்பிடாதி இந்தத் தடவை சொல்லவில்லை. அது அவனுக்குப் போதும்.

தை பிறந்ததும் பேட்டையைச் சுற்றிச் சுவர் எழும்பியது. வேம்பை வெட்டினார்கள். பாண்டியம்மாள் கொஞ்ச நாள் கூரை மேல் பெட்டி காய வைத்துப் பார்த்தாள். காற்று எல்லாவற்றையும் சாக்கடையில் தள்ளியது. முப்பிடாதி சந்துக்குள் காய வைத்தாள். சைக்கிள்காரர்கள் ஏற்றிவிட்டுப் போனார்கள். வீட்டுக்குள்ளேயே அடுக்கினாள். பூசணம் பூத்தது. ஆபீசில் மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இனிமேல் உனக்குச் சீவல் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அவள் ஆபீசுக்கே வேலை கேட்டுப் போனாள். அங்கே அவள் இடது கையைப் பார்த்தார்கள். பிள்ளை இருந்தால் அனுப்பு என்றார்கள்.

விடிவதற்கு முன்னால் ஹாரன் கேட்டது. பஸ் இப்போது தெருமுனைக்கு வருவதில்லை. மண்டபத்துச் சுவரோரம் இடம் அகலமாக இருந்ததால் அங்கே நிற்கிறது. முப்பிடாதி மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். பிள்ளைகள் சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தன. எத்தனை தலைகள்! பேட்டை திறந்து கிடந்தபோதுகூட அந்த நேரத்தில் அங்கே அத்தனை பேர் நின்றதில்லை.

வேலுத்தாய் அழவில்லை. வரிசையில் போய் நின்றாள். தூக்குச்சட்டியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, சுவரைப் பார்த்தாள், பிள்ளைகளைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்துச் சாதாரணமாகத்தான் சொன்னாள். அதில் குத்தல் ஒன்றும் இல்லை.

"அன்னைக்கு நீ என் கையைப் பிடிச்சு இழுக்காம இருந்திருந்தா, ஒரு புள்ளியாவது விழுந்திருக்கும்மா."

பரமசிவன் பஸ் கதவைத் தட்டினான். பிள்ளைகள் ஏறின. வேலுத்தாயும் அந்தப் படியில் கால் வைத்து ஏறினாள். பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு கிளம்பியது. முப்பிடாதி தலைப்புக்குள்ளிருந்து கையை எடுத்தாள். இழுத்த கை அதுதான். அதைப் பார்த்துக்கொண்டே நன்றாக விடிகிற வரைக்கும் அந்தச் சுவரோரம் நின்றாள்.